ஒளிரும் பூச்சா, ஸ்ட்ரெயின் கேஜா: ஒரு தேர்ச் சட்டத்துக்கான தேர்வு

எங்கள் கோயில் பினாங்கின் பெருநிலப் பக்கம், செபராங் பிறையில் இருக்கிறது. தேரின் மேலே மரவேலையும் கலசமும் விளக்குச் சரமும் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாரம் முழுவதும் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தில்தான். அலங்காரம், சாமி, மேலே ஏறும் ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் மூன்று டன்னுக்கு மேல் வரும். போன பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முன் அச்சைத் தாங்கும் பிராக்கெட் சட்டத்தோடு சேரும் இடத்தில், வெல்டிங் ஓரமாக ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் கண்டோம். அதற்கு முந்தின வருடம் அதே இடத்தைக் குடைந்தெடுத்து மறுபடி வெல்டிங் வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் இரண்டாம் முறை.

கோயில் தலைவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "தம்பி, நீ பிறையில இருபத்தாறு வருஷமா வெல்டிங் செக் பண்ற ஆளு. மறுபடியும் பத்தவைக்கச் சொல்லி முடிச்சிடாதே. ஏன் அங்கேயே விடுதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு."

அந்த "ஏன்" என்னைத் தூங்கவிடவில்லை. தேருக்கு முன்னால் குழந்தைகள் நடக்கிறார்கள். அதனால் சட்டத்துக்குள் தகைவு, அதாவது பாரத்தால் இரும்புக்குள் எழும் இறுக்கம், எங்கே குவிகிறது, எவ்வளவு குவிகிறது என்று பார்க்க என்னென்ன வழி உண்டு என்று இரண்டு மாதம் அலசினேன். நிபோங் தெபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் படிக்கும் அக்கா மகளும் சேர்ந்துகொண்டாள். "மாமா, அழுத்தினா வெளிச்சம் விடுற பூச்சு இருக்கு, பார்த்திருக்கீங்களா?" என்று அவள்தான் ஆரம்பித்தாள். கேள்விப்பட்டிருந்தேனே தவிர, கையில் தொட்டதில்லை.

முதலில் எங்கள் தொழிலில் தினமும் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். டை செக். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊற விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசலுக்குள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாக வெளியே கசியும். மலிவு, நம்பகமானது, இதை நிறுத்தும் பேச்சே இல்லை. ஆனால் விரிசல் வந்தபிறகுதான் அது பேசும். எங்கள் கேள்வி அதற்கு முந்தியது.

கணினியில் சட்டத்தை வரைந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. அக்கா மகள் இரண்டு நாளில் செய்துவிட்டாள். பிராக்கெட் பகுதி சிவப்பாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கணக்கில் வெல்டிங் ஒழுங்கானது, தகடு நேரானது, சாலை நாம் சொன்ன மேடு பள்ளம். உண்மைத் தேர் மூன்று வெவ்வேறு ஆட்கள் மூன்று வெவ்வேறு காலத்தில் ஒட்டுப்போட்ட இரும்பு. அதன் மேலேயே பார்த்தாக வேண்டும்.

இனி ஒளிரும் பூச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கமிட்டியில் எல்லோரும் கேட்டது இதைப் பற்றித்தான்.

கற்கண்டிலிருந்து தொடங்கலாம். பெரிய கற்கண்டுக் கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, அறையைக் கும்மிருட்டாக்கி, கண் பழகும் வரை இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு, குறட்டில் வைத்து நொறுக்கிப் பாருங்கள். மங்கலான நீலப் பொறி ஒன்று தெரியும். சர்க்கரை இருட்டில் உடையும்போது பளிச்சிடுவதைப் பிரான்சிஸ் பேக்கன் 1620-லேயே எழுதி வைத்திருக்கிறார். படிகம் பிளக்கும்போது இரண்டு முகங்களிலும் எதிரெதிர் மின்னூட்டம் பிரிந்து நிற்கிறது. நடுவில் இருக்கும் காற்றின் நைட்ரஜன் வழியாக அது பாயும்போது ஒளி வருகிறது. வானத்து மின்னலின் குட்டி வடிவம். ஆனால் கற்கண்டு உடைந்தால்தான் ஒளிரும். தேருக்கு அது உதவாது.

உடையாமல், சற்றே வளைந்து திரும்பும் அளவிலேயே ஒளிர்கிற பொருள்தான் நமக்கு வேண்டும். ஜப்பானில் கியூஷூ பகுதியில் ஆய்வு செய்த சாவ்-நான் ஷு குழுவினர் 1999-ல் இதில் பெரிய கதவைத் திறந்தார்கள். மாங்கனீசு கலந்த துத்தநாக சல்பைடு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒளி தந்தது. யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் 520 நானோமீட்டர் அளவில் பச்சை ஒளி தந்தது. இருட்டுக்குப் பழகிய மனிதக் கண் மிக நுட்பமாக உணர்வது 507 நானோமீட்டர் அளவில்தான். அதனால் இந்தப் பச்சை நம் கண்ணுக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அது வேலை செய்யும் விதம் இப்படி. படிகத்துக்குள் எலெக்ட்ரான்கள் விழுந்து தங்கும் பள்ளங்கள் இருக்கின்றன. நீல ஒளியையோ புற ஊதா ஒளியையோ காட்டினால் அந்தப் பள்ளங்கள் நிரம்புகின்றன. பிறகு இரும்பு வளையும்போது மேலே ஒட்டியிருக்கும் படிகமும் வளைகிறது, அதற்குள் ஒரு மின்புலம் எழுகிறது, பள்ளத்தில் கிடந்த எலெக்ட்ரான் வெளியே தள்ளப்படுகிறது. அது யூரோப்பியத்தில் போய்ச் சேரும்போது பச்சை ஒளி. எங்கே திரிபு, அதாவது இரும்பு நீளும் சுருங்கும் அளவு, அதிகமோ அங்கே வெளிச்சம் அதிகம். ஒரு புள்ளியில் இல்லை, பூசிய பரப்பு முழுவதும் ஒரே பார்வையில். இந்த ஒரு குணத்துக்காகத்தான் நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

இதே ஜப்பானியக் குழு, உயர் அழுத்த ஹைட்ரஜன் கலனின் வெளிப்புறத்தில் இத்தகைய தாளை ஒட்டி, கலனின் உள்பக்க விரிசலை வெளியே தெரியும் ஒளிக்கோலத்தை வைத்துக் கண்டுபிடித்துக் காட்டியது. உள்ளே நடப்பது வெளியே தெரியும் என்பது எங்களுக்கு முக்கியம். பிராக்கெட்டின் உள்பக்கத்தில் கையும் போகாது, சாயமும் போகாது.

இன்னொரு வகையும் உண்டு. செம்பு கலந்த துத்தநாக சல்பைடு தூளை சிலிக்கோன் ரப்பரில் கலப்பது. தென்கொரிய ஆய்வாளர்கள் 2013, 2014-ல் இந்த ரப்பரை இழுத்தும் காற்றில் அசைத்தும் விடாமல் ஒளிர வைத்தார்கள். முன்கூட்டி ஒளி ஏற்றத் தேவையில்லை, ஆயிரக்கணக்கான தடவை இழுத்தாலும் ஒளி தளர்வதில்லை. சீனாவில் 2015-ல் துத்தநாக சல்பைடு வகையைக் கொண்டு கையெழுத்தின் அழுத்தத்தையே படமாக்கினார்கள்: எழுத்து மட்டுமில்லை, பேனா எந்த இடத்தில் அழுந்தியது என்பதும். ஆனால் சிலிக்கோன் ரப்பர் வகைக்கு நல்ல இழுப்பு வேண்டும். தோல், கையுறை, செயற்கைக் கை போன்றவற்றுக்குப் பொருத்தம். இரும்பு அவ்வளவு நீளாது. சாதாரணக் கட்டுமான எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்குவது சுமார் 1,250 மைக்ரோஸ்ட்ரெயினில். அதாவது ஒரு மீட்டர் கம்பி 1.25 மில்லிமீட்டர் நீள்வது. ஆகவே நமக்கு ஸ்ட்ரான்சியம் அலுமினேட்தான்.

வாங்குவதற்கு முன் கையால் செய்து பார்ப்பது என் பழக்கம். மாடிப்படியில் மின்சாரம் போனால் ஒளிரும் பட்டைகளில் இருப்பதும் இதே ஸ்ட்ரான்சியம் அலுமினேட்தான், யூரோப்பியத்தோடு டிஸ்ப்ரோசியமும் சேர்த்தது. அந்தத் தூளை வாங்கி, தெளிவான எப்பாக்ஸிப் பிசினில் கலந்து, நடுவில் 10 மில்லிமீட்டர் துளை போட்ட ஒரு பட்டை இரும்பில் பூசினோம். தூள் கனமானது, எப்பாக்ஸிக்குள் அடியில் போய் உட்காரும். கலக்கிக்கொண்டே பூச வேண்டும்.

முதல் இரவு ஒன்றும் தெரியவில்லை. நீல டார்ச் காட்டியதும் பட்டை முழுவதும் பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது, அதில் வளைவின் ஒளி எங்கே தெரியும்? டிஸ்ப்ரோசியம் சேர்ப்பதே அந்தப் பின்னொளி நீடிப்பதற்காகத்தான். மறுநாள் டார்ச்சை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் இருட்டில் காத்திருந்து வளைத்தோம். துளையின் இரண்டு ஓரங்களிலும் சட்டென்று ஒரு பச்சைக் கீற்று. பட்டையை இழுத்தால் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்கு வரை ஏறும் என்பது பாடநூல் கணக்கு. வளைக்கும்போது சற்றுக் குறையும். இருபத்தாறு வருடமாகக் காகிதத்தில் பார்த்த கணக்கை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை. அக்கா மகள் இன்னொரு தடவை வளைக்கச் சொன்னாள்.

இன்னொரு தடவை வளைத்தபோது ஒளி குறைந்திருந்தது. மூன்றாம் தடவை இன்னும் மங்கல். பள்ளங்கள் காலியாகிக்கொண்டு வருகின்றன. மறுபடி நீல ஒளி காட்டினால்தான் நிரம்பும். இதுதான் இந்தப் பூச்சின் முதல் சங்கடம். ஒரே பாரத்துக்கு ஒரே ஒளி என்று அது சத்தியம் செய்யாது.

இரண்டாவது சங்கடம் இன்னும் ஆழமானது. ஒளியின் அளவு பாரத்தை மட்டும் பொறுத்ததில்லை, பாரம் ஏறும் வேகத்தையும் பொறுத்தது. பட்டையை மெல்ல வளைத்துப் பிடித்துக்கொண்டே நின்றால் ஒளி அடங்கிவிடுகிறது. மூன்று டன் தேர் அசையாமல் நிற்கும்போது சட்டத்துக்குள் தகைவு இருக்கிறது, ஆனால் பூச்சு இருட்டாகவே இருக்கும். சக்கரம் லோங்காங் (சாலையோரச் சாக்கடை) மூடியின் விளிம்பிலிருந்து தடக்கென்று இறங்கும்போதுதான் மின்னும். இதைப் புரிந்துகொள்ளாமல் "ஒளி இல்லை, ஆகவே பாரம் இல்லை" என்று யாராவது முடிவுக்கு வந்துவிட்டால் அது ஆபத்து.

மூன்றாவது நம் ஊர் ஈரம். இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டுக்குத் தண்ணீர் ஆகாது, படிகமே சிதைந்துவிடும். மேலுறை இல்லாத தூள் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு வைத்தோம். சில நாளில் ஒளி போய் வெறும் வெள்ளை வண்டல் ஆனது. பிசினுக்குள் புதைந்து, மேலே இன்னொரு தெளிவான பூச்சும் இருந்தால் தாங்கும். ஆனால் மழையிலும் பாலபிஷேகத் தண்ணீரிலும் வருடக்கணக்கில் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இப்போது ஸ்ட்ரெயின் கேஜ். 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. நெளிநெளியாக ஓடும் மெல்லிய உலோகத் தாள், நகத்தளவு. இரும்போடு ஒட்டிவிட்டால் இரும்பு நீளும்போது இதுவும் நீண்டு மின்தடை கூடும். 120 ஓம் கேஜில் 100 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு மாற்றம் 0.024 ஓம்தான். அதனால் சாதாரண மீட்டரால் பிடிக்க முடியாது, நான்கு கை கொண்ட வீட்ஸ்டன் சுற்று வேண்டும். பிடித்துவிட்டால் ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் வரை சொல்லும். பகலா இரவா என்று கேட்காது. தேர் நின்றால் நிற்கும் பாரம், ஓடினால் ஓடும் பாரம், எல்லாம் எண்ணாக வரும்.

ஒட்டுவதில்தான் கைவேலை. துருவையும் பெயிண்டையும் அரைத்து, எமரித் தாள் போட்டு, அசிட்டோனில் துடைத்து, பிறகு விரல் படாமல் ஒட்ட வேண்டும். விரலின் எண்ணெய் போதும், அளவு நகர்ந்துவிடும். மேலே மெழுகோ சிலிக்கோனோ போட்டு ஈரத்தைத் தடுக்க வேண்டும். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு 12 மைக்ரோஸ்ட்ரெயின் தானாகவே நீளும். எஃகுக்கென்றே செய்த கேஜை வாங்கினால் அந்தச் சூட்டுத் தொல்லை பெருமளவு தீரும். கேஜ் ஒன்று சில பத்து ரிங்கிட். பதிவுப்பெட்டியை என் நண்பர் ஒருவர் வாரக்கடைசிக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் அதுவே எங்களைத் தடுமாற வைத்தது: எங்கே ஒட்டுவது? கேஜ் தன் உடம்புக்கு அடியில் இருப்பதை மட்டும் சொல்லும். மூன்று சென்டிமீட்டர் தள்ளி இரும்பு கதறினாலும் அதற்குக் கேட்காது. விரிசல் வந்த இடத்தில் ஒட்டலாமே என்றால், விரிசல் முடிந்த இடம் தெரிகிறது, தொடங்கிய இடம் அதுதானா? பிராக்கெட்டின் உள்மூலையில் தொடங்கி வெளியே வந்திருக்கலாம்.

ஒளியிழை உணரியும் பார்த்தோம். கண்ணாடி இழைக்குள் பதித்த கீற்றுகள் ஒரு குறிப்பிட்ட நிறத்தைத் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் அந்த நிறம் நகரும், 1,550 நானோமீட்டர் ஒளியில் ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு ஏறக்குறைய 1.2 பிக்கோமீட்டர். ஒரே இழையில் பல இடங்களை அளக்கலாம், மின்காந்தத் தொல்லை கிடையாது, கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போகலாம். கடலின் மேல் பதினாறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நம் இரண்டாம் பாலத்தைப் போன்ற கட்டுமானத்துக்கு இதைவிடச் சிறந்த யோசனை எனக்குத் தெரியாது. நான்கு மீட்டர் தேர்ச் சட்டத்துக்கு இது வேண்டாம். இழையைப் படிக்கும் பெட்டிக்கு எங்களுக்குச் சொன்ன விலை ஒரு புதுக் காரின் விலை. கோயில் பணம் அது.

கேமரா முறை என்று ஒன்று: இரும்பில் கறுப்புப் புள்ளிகளைத் தெளித்து, இரண்டு கேமராவால் படமெடுத்து, புள்ளிகள் நகர்ந்ததைக் கணினி ஒப்பிடுவது. ரப்பர், பிளாஸ்டிக், நிறைய வளையும் எதற்கும் அருமை. இரும்பு மீளும் எல்லைக்குள் நீள்வது ஆயிரம் மைக்ரோஸ்ட்ரெயினைச் சுற்றி. சாதாரண அமைப்பின் சலசலப்பே அதில் பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். தேரின் அடிவயிற்றில் இரண்டு கேமராவை ஆடாமல் நிறுத்துவதும் நடக்காத காரியம்.

ஒரு பழைய முறையையும் சொல்லத் தோன்றுகிறது. எஃகுச் சட்டங்களைப் பரிசோதிக்கும் கூடங்களில் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பாரம் ஏற்றுவார்கள். எங்கே இரும்பு நிரந்தரமாக வளைகிறதோ அங்கே மேல் செதிளோடு சுண்ணாம்பும் பொரிந்து உதிரும். கோயில் சுவருக்கு அடிக்கிற அதே சுண்ணாம்பு. பரப்பு முழுவதையும் காட்டும் என்ற வகையில் ஒளிரும் பூச்சுக்கு இது மூத்த உறவு. ஆனால் உதிரும்போது இரும்பு ஏற்கெனவே கெட்டிருக்கும்.

கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மாமா எழுந்து கேட்டார்: "எதுக்கு இவ்வளவு? தகட்டைத் தடிப்பாப் போட்டுட்டா முடிஞ்சுதே!" நியாயமான கேள்வி. ஆனால் ஓர் இடத்தைத் தடிப்பாக்கினால் அது விறைப்பாகி, பாரத்தைத் தன் பக்கம் இன்னும் இழுக்கும். தடிப்பும் மெலிவும் சந்திக்கும் புது ஓரத்தில் அடுத்த விரிசல் வரும். என் வேலையில் இப்படி இடம் மாறிய விரிசல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு என்ற எண் ஏன் வேண்டும் என்பதையும் அங்கேயே சொன்னேன். வெல்டிங் இணைப்பில் தகைவின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால், தாங்கும் தடவைகள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். மும்மடியில் போகிற கணக்கு அது. இந்த ஆபத்தை ஒளியின் பிரகாசத்தை வைத்து அளக்க முடியாது. இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. எங்கள் தேர் வருடத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் ஒரே வருடத்தில் புது வெல்டிங் விடுகிறது என்றால், பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி வரும் வெறும் உலோக அயர்ச்சி என்று சொல்லிவிட மனம் ஒப்பவில்லை. எங்கோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு திருப்பத்திலோ மூடி விளிம்பிலோ, ஒற்றை அடி பலமாக விழுகிறது. அந்த அடி எந்தத் தெருவில் விழுகிறது என்பதை ஓடும் தேரிலேயே பதிவு செய்ய கேஜால்தான் முடியும்.

ஆகவே என் பரிந்துரை இரண்டையும் வரிசையாகச் செய்வது. வரிசை மாறினால் பயனில்லை. முதலில் ஒளிரும் பூச்சு, ஒரே ஓர் இரவுக்கு, பிராக்கெட்டும் அதைச் சுற்றி ஒரு முழ அளவுச் சட்டமும் மட்டும். டிஸ்ப்ரோசியம் இல்லாத, இதற்கென்றே செய்த தூளை அக்கா மகள் ஏற்பாடு செய்கிறாள். சாமிக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றி, முன் சக்கரத்தை இரண்டு அங்குலப் பலகை மேல் ஏற்றி இறக்குவோம். ஒவ்வோர் இறக்கத்துக்கும் முன்னால் அதே நீல விளக்கு, அதே தூரம், அதே நிமிடக் கணக்கு, அதே காத்திருப்பு. இல்லாவிட்டால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஃபோன் வீடியோ போதும், ஆனால் இருட்டுப் படத்துக்கான தானியங்கி வசதியை அணைத்துவிட வேண்டும். அது பல நொடியைச் சேர்த்து ஒரே படமாக்கி, மின்னலையும் பின்னொளியையும் குழப்பிவிடும்.

அடுத்து, பச்சை அதிகம் தெரிந்த இடங்களில் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, நான்கு கேஜ். இரண்டு வெல்டிங் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, ஒன்று உள்மூலைக்கு நேர் பின்னால், ஒன்று எதிர்ப்பக்கப் பிராக்கெட்டில், ஒப்பிடுவதற்கு. பிறகு மணல் மூட்டையோடு ஊர்வலப் பாதை முழுவதும் ஒரு சுற்று, அதிகாலையில், சாலை காலியாக இருக்கும்போது. தகடு எங்கே எவ்வளவு வேண்டும், பாதையில் எந்த மூடியைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பார்த்தபிறகு.

பூச்சு ஒன்றே போதும், விலை குறைவாகத்தானே இருக்கிறது என்று கமிட்டியில் இளைஞர்கள் சிலர் ஆசைப்பட்டார்கள். அந்தப் பச்சைக் கீற்றைப் பார்த்த யாருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. கேஜ் ஒன்றே போதும் என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் என் தொழில்காரர்கள். கண்ணை மூடிக்கொண்டு நான்கு இடத்தில் ஒட்டி, நான்கும் தவறான இடமாக அமைந்து, "பாரம் குறைவுதான், கவலை வேண்டாம்" என்று ஓர் எண்ணைக் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன்.

வரும் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு முதல் கட்டம். தெருவிளக்கு தேர்க்கொட்டகைக்கு நேர் எதிரே நிற்கிறது. பகலில் உள்ளே நின்று மேலே பார்த்தால் தகரக் கூரையில் நாற்பது ஆணி ஓட்டையாவது நட்சத்திரம் போலத் தெரிகின்றன. கறுப்பு டேப் பத்துச் சுருள் வாங்கிவிட்டோம். இளைஞர்கள் ஏணியோடு வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்ததும் வருகிறார்கள்.